வெற்றுப் போத்தலில் கற்பூரம்

பிள்ளை, நீ வெளிக்கிடுவதற்கு முந்தின பின்னேரம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, நான் போறது உங்களுக்குச் சந்தோஷமா?" நான் "ஓம்" என்றேன். சொன்ன கையோடு, பூட்டு சரியாக விழவில்லை, கம்பளிச் சட்டையை மேலே வை என்று வேறு கதை தொடங்கிவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். கணினித் திரையில் கோடு மேலே எழும்பி ஒரு முகடாக நிற்கும்போது, இது என்ன சாமான் என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாயே, அதே பார்வை. உனக்கு அப்போதே விளங்கியிருக்கும். இப்போது நீ நோர்வேக் குளிரில் இருக்கிறாய், நான் திருகோணமலையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறேன். இடையில் இவ்வளவு கடல் இருப்பதால் உண்மையைச் சொல்லத் தைரியம் வருகிறது. எனக்குச் சந்தோஷம் இல்லை, பொறாமை. பிரிவு தாங்காத தாய் என்று நினைத்து என்னை விட்டுவிடாதே. பிரிவும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விமான நிலையத்தில் நான் அழுத அழுகையில் பாதிக்கு மேல் பொறாமைதான்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த மெஷின், நீ ஓட்டுகிற வாயு நிறப்பகுப்பு மெஷின், என்னுடையது. சிரிக்காதே. நான் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் எங்கள் இரசாயனத் துறையின் மூலையில் அது இருந்தது, மேலே நீலத் துணி போர்த்தியபடி. ஏதோ ஒரு பாகம் வரவேண்டும், வந்தால் வேலை செய்யும் என்றார்கள். நான் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்வரை அந்தப் பாகம் வரவில்லை. துணியைத் தூக்கிப் பார்க்கவும் விடமாட்டார்கள், உள்ளே தூசி போய்விடுமாம். பரீட்சைக்கு மட்டும் அதைப் பற்றிக் கேள்வி வந்தது. படத்தைக் கீறி, பகுதிகளுக்குப் பெயரெழுதி, முழுப் புள்ளியும் எடுத்தேன். பிறகு ரீச்சராகி, பாடத்திட்டம் கேட்டதைவிடக் கூடுதலாக, வருடா வருடம் அதே படத்தைக் கரும்பலகையில் கீறினேன். இடப்பக்கம் வாயு உருளை. பிறகு மாதிரியை ஊசியால் ஏற்றும் சூடான வாய். பிறகு சூடேற்றும் பெட்டிக்குள் சுருட்டி வைத்த, தலைமயிர் போல மெல்லிய, நீளமான குழாய். கடைசியில் வெளியே வருவதைப் பிடிக்கும் கருவி. நான் சொல்லும் உதாரணம் உனக்கும் தெரியும், நீயும் அந்த வகுப்பில் முன்வாங்கில் இருந்தவள்தானே. பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பெட்டைகளும் ஒரே நேரத்தில்தான் வகுப்பை விட்டு வெளிக்கிடுகிறார்கள். நேரே நடப்பவள் முதலில் வாசலுக்கு வருகிறாள். தூணுக்குத் தூண் நின்று கதைப்பவள் கடைசியில் வருகிறாள். வாயு தள்ளிக்கொண்டு போக, குழாயின் உட்பூச்சு பிடித்து நிறுத்த, கலவையில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். வந்ததைத் திணிவு நிறமாலைமானி உடைத்து, துண்டுகளை நிறுக்கும். ஒரே சாமான் எப்போதும் ஒரே மாதிரித்தான் உடையும், ஆகவே துண்டுகளைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். இவ்வளவையும் அடித்துச் சொல்லுவேன். ஒருநாள் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "ரீச்சர், நீங்கள் அதைக் கண்ணால பாத்திருக்கிறீங்களா?" என்று கேட்டது. நான் கேட்காத மாதிரி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளை யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, வகுப்பில் வந்து ரீச்சர் என்று கேள்வி கேட்டவள் நீதான்.

கொழும்பில் உனக்கு ஆய்வுகூட வேலை கிடைத்து, அந்த மெஷினை முதன்முதல் தனியாக ஓட்டிய அன்று போன் எடுத்தாய். "அம்மா, நீங்கள் கீறின படம் மாதிரியே இருக்கு" என்றாய், மூச்சு வாங்க வாங்க. நான் என்ன சொன்னேன்? சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு எந்த வாயு பாவிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஐதரசன் என்றாய். ஹீலியம் அல்லவா என்றேன், விடைத்தாளில் பிழை பிடிக்கும் குரலில். ஹீலியம் இப்போது விலை, கிடைப்பதும் கஷ்டம், அதனால் ஐதரசனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நீ பணிவாகத்தான் சொன்னாய். போனை வைத்ததும் அலுமாரியைத் திறந்து பழைய புத்தகத்தை எடுத்து, நீ சொன்னது பிழையாக இருக்காதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். பிழை இல்லை. அன்று முழுக்க என் முகம் தொங்கிப்போய் இருந்தது. உன் அப்பாவோ அதற்கு நேர்மாறு. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதருக்கு நிறப்பகுப்பு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் சலூனில், மீன்கடையில், பஸ் தரிப்பிடத்தில், அறிந்தவன் அறியாதவன் எல்லோரிடமும் தன் மகள் ஒரு துளி எண்ணெயை வைத்தே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுவாள் என்று கதை விட்டுக்கொண்டு திரிந்தார். அவருக்கு அந்த மெஷின் ஒருகாலமும் தேவைப்படவில்லை, அதனால் சும்மா சந்தோஷப்பட முடிந்தது. அவரைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் ஆய்வுகூடத்துப் பெரிய மேடத்தை மட்டும் விட்டேனா? விடுமுறைக்கு வந்தால் வாய்க்கு வாய் "மேடம் சொன்னவா" தான். மேடம் ஊசியைக் கழுவுகிற முறை, மேடம் கோட்டைப் பார்த்த உடனே பிழையைக் கண்டுபிடிக்கிற விதம், மேடத்தின் கண்ணாடிகூடக் கதையில் வரும். இந்தப் பிள்ளைக்கு ஆவர்த்தன அட்டவணையை யார் குசினிச் சுவரில் ஒட்டிப் படிப்பித்தது என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டு உனக்குச் சோறு போடுவேன். இன்னும் கேவலமான ஒன்றையும் சொல்கிறேன். ஒருமுறை மின்சாரம் போய் வந்ததில் மெஷினின் வெற்றிடப் பம்பி பழுதாகி, வேலை எல்லாம் நின்றுபோய், நீ போனில் அழுதாய். நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், ஆகா, இவளுடைய மெஷினுக்கும் இனித் துணி போர்த்துவார்கள் என்று. நாலு நாளில் திருத்திவிட்டார்கள் என்று நீ சொன்னபோது நல்லது பிள்ளை என்றேன். பெற்ற வயிறு இப்படியும் நினைக்குமா என்று நீ கேட்கலாம். நினைத்தது. அந்த வெட்கத்தில்தான் அடுத்த முறை நீ வந்தபோது நண்டுக் குழம்பு வைத்துத் தந்தேன், காரணம் தெரியாமல் நீயும் விரல் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாய்.

இனி சாம்பல்தீவுப் பக்கம், சல்லி மீன்பிடிக் கிராமத்தில் நடந்ததற்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது. அங்கே ஒரு விடிய வலைகளில் கறுத்த எண்ணெய் பிசுக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. மீனில் எண்ணெய் மணக்கிறது என்று வியாபாரிகள் எடுக்கவில்லை. கருவாட்டைக்கூடத் தொடவில்லை. வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலில் இருந்துதான் கசிந்தது என்று சனங்கள் சொன்னார்கள். கப்பல்காரர்களோ, இது உங்கள் படகுகளின் எண்ணெய், உங்கள் என்ஜினைத் திருத்துங்கள் என்றார்கள். மாதிரி எடுத்து ஒப்பிட்டுச் சொல்லும் வேலை உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது, நீ ஊருக்கு வந்தாய். உன்னோடு வரவேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல். நான் வருகிறேன் என்றேன். நீ யோசித்தாய், பிறகு சரி என்றாய். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினைத் தொடாவிட்டாலும் மெஷினுக்குள் போகும் சாமானையாவது என் கையால் எடுக்கப்போகிறேன். நீ சொன்ன கட்டளை எல்லாம் கேட்டேன். பவுடர் கூடாது, தைலம் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது. காய்ந்த தலையோடு, ஆராவது செத்த வீட்டுக்கா போகிறாய் என்று அப்பா கேட்கும் கோலத்தில், உன் பின்னால் ஆய்வுகூட வாகனத்தில் ஏறினேன்.

கரையில் இறங்கியதும் ரஞ்சினி ஓடி வந்தாள். என்னிடம் படித்தவள், இப்போது அங்கே கருவாடு போடுகிறாள். முந்தி எதுவென்றாலும் என்னிடம்தான் கேட்பாள், பிள்ளைக்கு என்ன பாடம் எடுப்பது, தண்ணீருக்கு எவ்வளவு குளோரின் போடுவது என்று. அன்றும் "ரீச்சர்" என்றுதான் தொடங்கினாள். பிறகு உன் கையுறையையும் பெட்டியையும் பார்த்தாள். முகத்தை அப்படியே உன் பக்கம் திருப்பி, "மிஸ், எங்கட மீனைச் சனம் இனித் தின்னுங்களா? உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டாள். நான் பக்கத்தில் தென்னைமரம் மாதிரி நின்றேன். நீ அவளுக்கு இல்லாத நம்பிக்கை ஒன்றும் கொடுக்கவில்லை. மீனையும் எடுத்துப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன் என்றாய். நான் என்றால் பயப்படாதே பிள்ளை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். நீ சொன்னதுதான் சரி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாதிரி எடுக்க முதல், முத்துமாரியம்மன் கோயிலில் பூசை முடியட்டும் என்றார்கள். கெட்டது போகவேண்டும் என்று படகுக்காரர் எல்லோரும் சேர்ந்து செய்வித்த பூசை. நீ வெளியே நின்று போத்தல்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாய். நீ தந்த கையுறையோடு நான் உள்ளே போனேன். பிறகு வந்து நின்றபோது நீ என் கையில் ஒரு போத்தலைத் தந்தாய். உள்ளே தண்ணீர். ஆய்வுகூடத்தில் இருந்து கொண்டுவந்த காய்ச்சி வடித்த தண்ணீர். "அம்மா, நான் போத்தல் திறக்கேக்க நீங்களும் இதைத் திறவுங்கோ, நான் மூடேக்க மூடுங்கோ. அவ்வளவுதான்" என்றாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எண்ணெய் எடுக்க வந்தவளிடம் வெறுந்தண்ணியைக் கொடுத்து ஒரு ஓரத்தில் நிற்கச் சொல்கிறாய், சமைக்கும்போது இடைஞ்சல் பண்ணும் குழந்தையிடம் அகப்பையைக் கொடுக்கிற மாதிரி. இதைப் பிடிக்க ஒரு ஆளா என்று கேட்டேன். நீ வலையில் இருந்த எண்ணெயை வழித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "மற்றப் போத்தல் எல்லாம் கடலைப் பற்றிச் சொல்லும். உங்கட போத்தல்தான் எங்களைப் பற்றிச் சொல்லும்." வெற்று மாதிரி என்று நானே படிப்பித்திருக்கிறேன். போகிற வழியிலும் திறக்கிற காற்றிலும் ஏதும் அழுக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு, ஒன்றும் இல்லாத ஒன்றையும் கூடவே கொண்டுபோகவேண்டும். படிப்பித்ததுதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவளின் மனநிலையைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெயிலில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நீ திறக்கத் திறந்து, மூட மூடினேன்.

இரண்டு கிழமை கழித்து நீ போன் எடுத்தாய். வலையில் இருந்த எண்ணெய் படகுகளின் மண்ணெண்ணெய் இல்லை என்றாய். மண்ணெண்ணெய் லேசான சாமான், அதன் முகடுகள் எல்லாம் முன்னுக்கே வந்து முடிந்துவிடும். வலையில் இருந்ததோ கடைசிவரை இழுபட்டு வந்தது, கனமான கப்பல் எண்ணெய். பின்னுக்கு வரும் அந்தச் சாமான்கள் வெயிலிலும் கடலிலும் லேசில் அழியாது, ஒவ்வொரு எண்ணெயிலும் அவற்றின் அளவு வேறு வேறு விதமாக இருக்கும், கப்பலின் தாங்கியில் இருந்து அதிகாரிகள் எடுத்த எண்ணெயோடு வைத்துப் பார்த்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது என்றாய். பிறகு குரலை மாற்றி, "அம்மா, நீங்கள் கோயிலுக்குள்ள என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாய். சாமி கும்பிட்டனான் என்றேன். கையால் என்ன தொட்டீர்கள் என்றாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூசாரி தட்டைக் கொண்டுவந்தபோது கையுறையோடு எப்படிச் சாமி கும்பிடுவது என்று கழற்றி இடுப்பில் செருகினேன். ஒரு கட்டிக் கற்பூரம் எடுத்துத் தட்டில் வைத்தேன். சுடரை ஒற்றிக் கண்ணில் வைத்தேன். பிறகு அதே விரல்களால் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உன் போத்தலைத் திறந்தேன். பவுடர், தைலம், பூ எல்லாவற்றையும் யோசித்தவள் கற்பூரத்தை யோசிக்கவில்லை. அது சாமிக்கு உரியது, பூச்சு இல்லை. பதங்கமாதலுக்கு உதாரணம் கற்பூரம் என்று வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய இரசாயன ரீச்சர் நான். என் வெற்றுப் போத்தலின் கோட்டில் ஒரேயொரு சின்ன முகடு. அதை மெஷின் உடைத்து நிறுத்துப் பார்த்தால் தொண்ணூற்றைந்தில் உயரமாக ஒரு துண்டு, நூற்றைம்பத்திரண்டில் முழு மூலக்கூறு. கற்பூரம். நான் போனைப் பிடித்தபடி குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். உனக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்று நான் ஒருகாலமும் நினைக்கவில்லை, ஆனால் எனக்குள் இருந்த எரிச்சல்தான் விரல்வழியாகப் போய் உன் வேலையில் விழுந்துவிட்டது என்று அன்று எனக்குப் பட்டது. சல்லிச் சனத்தின் வாயிலும் மண்ணைப் போட்டேனா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

விசாரணை நடந்த மண்டபத்தில் நானும் பின்கதிரையில் இருந்தேன், பக்கத்தில் ரஞ்சினி. நான் பயந்த மாதிரியே கப்பல்காரரின் சட்டத்தரணி அதைத்தான் பிடித்தார். ஒன்றும் இருக்கக்கூடாத போத்தலிலேயே ஏதோ இருக்கிறதே, உங்கள் மற்றப் போத்தல்களை எப்படி நம்புவது என்று கேட்டார். நீ மறைப்பாய் என்று நினைத்தேன், அல்லது காய்ச்சலில் கிடந்த உதவியாளரின் தலையில் போடுவாய் என்று நினைத்தேன். நீ எழும்பி நின்று, அமைதியாகச் சொன்னாய்: "அது கற்பூரம். அந்தப் போத்தலைப் பிடிச்சது என்ட அம்மா. கோயிலில கற்பூரம் தொட்ட கை." மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. நீ சிரிக்கவில்லை. கழற்றி மாட்டிய கையுறையில் ஒட்டியிருந்த கற்பூரத்தையே அந்தப் போத்தல் காட்டிக்கொடுத்திருக்கிறது, எங்கள் கையில் இருந்தோ காற்றில் இருந்தோ எண்ணெய் சேர்ந்திருந்தால் அதையும் காட்டியிருக்கும், எண்ணெய் ஒரு துளியும் இல்லை, மற்றப் போத்தல்கள் எதிலும் கற்பூரமும் இல்லை, ஏனென்றால் அவற்றைத் தொட்டது அம்மா இல்லை, நான் என்றாய். சட்டத்தரணி தாள்களைப் புரட்டினார், வேறு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் கப்பல்காரர்கள் வலைகளுக்கு நட்டஈடு கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். மீனில் பயப்பட ஒன்றும் இல்லை என்ற உன் முடிவும் வாசிக்கப்பட்டது. ரஞ்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் மீனுக்காக அழுதாள். நான் எதற்கு அழுதேன் தெரியுமா? அவ்வளவு நல்ல பதிலை நான் சொல்லியிருக்கக்கூடாதா என்று. கற்பூரம் என்னுடையது, விரல் என்னுடையது, பதில் மட்டும் உன்னுடையது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ அந்தக் கோட்டை அச்சடித்துக்கொண்டுவந்து என்னிடம் தந்தாய். கீழே மாதிரியைப் பிடித்தவர் என்று என் பெயர் இருந்தது. முழுவதும் தட்டை, நடுவில் குட்டியாக ஒன்று. என் பெயரில் வந்த முதல் கோடு. நீ படுக்கப்போன பிறகு அதைக் குசினிச் சுவரில், முந்தி அட்டவணை ஒட்டியிருந்த இடத்தில் ஒட்டினேன். அடுத்த மாதம்தான், மேற்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்ததென்று நோர்வேக் கடிதம் வந்தது.

ஆகவே உனக்கு நான் புத்தி சொல்வதென்றால் இதைத்தான் சொல்லுவேன். நல்லாய்ச் சாப்பிடு, குளிருக்குச் சோம்பி வெறும் பாணைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. உன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி ஒருநாள் உன்னிடம் படிக்க வருவாள், வராமல் இருக்கமாட்டாள். உனக்கு எரியும். அப்போது நல்லவள் மாதிரி நடிக்காதே, எரிகிறது என்று உனக்குள் ஒத்துக்கொள், ஆனால் அவளுக்குத் தெரிந்ததை ஐதரசனா ஹீலியமா என்று குறுக்குக் கேள்வி கேட்டு மட்டம் தட்டாதே. நான் தட்டினேன், நீ தாங்கினாய், எல்லோரும் தாங்கமாட்டார்கள். உன் அங்கத்தைய பேராசிரியரிடமும் இதே எரிச்சலைக் கண்டால் பயப்படாதே. அது பெரும்பாலும் அவருக்கும் எங்கேயோ ஒரு நீலத் துணி இருந்ததால்தான் இருக்கும்.

நீ கேட்ட கேள்விக்கு இனிச் சரியான பதில். பிள்ளை, நீ போனது எனக்குச் சந்தோஷம் இல்லை, உன் இடத்தில் நான் போயிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நீ போகாமல் இருந்திருந்தால் நான் உன்னோடு இப்படி மனம் திறந்து ஒருகாலமும் கதைத்திருக்கமாட்டேன். இரண்டும் உண்மை, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நீ சொன்ன மாதிரி அடுத்த கோடைக்கு வருகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன், அவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துத் திரிவார். முதலில் நான் தனியாகப் பார்க்கவேண்டும்.

இன்னும் ஒன்று. போன கிழமை நீ வீடியோவில் வந்தபோது, கடற்கரையில் எண்ணெய் மாதிரி எடுக்கப் போகிறோம், உன்னோடு படிக்கிற ஒரு பெட்டையும் வருகிறாள், வெற்றுப் போத்தல் அவள் கையில் என்று சொன்னாய். நான் "நல்லது" என்றேன். அதுவும் பொய். நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாள், கையும் சுத்தமாக இருக்கும், கோயில் குளம் என்று கையுறையைக் கழற்றமாட்டாள். அவள் பிடித்த போத்தலின் கோடு கடைசிவரை தட்டையாக வரும். வரட்டும், உன் வேலைக்கு அதுதான் வேண்டும். ஆனால் அந்தக் கோட்டை நீ திரையில் பார்க்கும்போது, இதில் கற்பூரம் இல்லையே என்று உனக்கு ஒருமுறையாவது தோன்றவேண்டும்.

அம்மா